தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் இரண்டு மாவட்டங்களிலும் சிஸ்டம் அசெம்பிள் செய்து வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வீடியோக்களில் காட்டுகிற செட்டிங் பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தது. நம் வீடுகளில் சித்திரை மாத மதியத்தில் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும், ஷீட் போட்ட மாடி அறை என்றால் இன்னும் கூடும். அந்த மதியத்தில் தாங்குகிற வேகத்தைத்தான் உங்கள் சிஸ்டத்தின் வேகம் என்று நான் எடுத்துக்கொள்வேன். கீழே உள்ள எல்லாப் பதில்களும் அந்தக் கணக்கில் எழுதியவை.

ஓவர்கிளாக் செய்யும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வருவது வேகம். மல்டிப்ளையர் 45 என்றால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ். அந்த 45-ஐ 47 ஆக்குவதுதான் ஓவர்கிளாக்கிங். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் வேகத்தைக் கூட்டினால் பழைய வோல்டேஜ் பத்தாது, சிஸ்டம் ஹேங் ஆகும். அதனால் வோல்டேஜையும் கூட்ட வேண்டி வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு இருமடிக் கணக்கில் கூடும். வேகத்தை 10 சதவீதம், வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினீர்கள் என்று வையுங்கள். 1.1 × 1.1 × 1.1, அதாவது சுமார் 1.33. கிடைத்தது 10 சதவீத வேகம், கொடுத்தது 33 சதவீத மின்சாரம். அந்த 33 சதவீதமும் சூடாகத்தான் வெளியே வரும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் பிராசசரில் முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்டெல் என்றால் மாடல் பெயரின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும்: 12600கே, 13600கேஎஃப், 14900கேஎஸ் மாதிரி. அதோடு மதர்போர்டு 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும்: இசட்690, இசட்790, புதிய தலைமுறைக்கு இசட்890. பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தைக் கூட்டலாம், பிராசசர் மல்டிப்ளையரைக் கூட்ட முடியாது. எச்610 போர்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. போர்டு பி450, பி550, பி650 அல்லது எக்ஸ் வரிசையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் முடியாது. விதிவிலக்குகளில் ஒன்று 5800எக்ஸ்3டி. அதில் மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருக்கிறது.

12400 போன்ற 'கே' இல்லாத இன்டெல்லை அடிப்படை கிளாக்கை மாற்றி ஓட்டுகிற வழி சில குறிப்பிட்ட போர்டுகளில் உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

எவ்வளவு வேகம் கூடும்?

1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற பிராசசரை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்கு ஏற்றி ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு! ஓவர்கிளாக்கிங்குக்குப் பெரிய பெயர் வந்தது அந்தக் காலத்தில்தான். இன்று கம்பெனியே டர்போ என்ற பெயரில் பிராசசரைக் கிட்டத்தட்ட அதன் எல்லை வரை ஓட்டி விற்கிறது. நமக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்க சதவீதம்தான்.

கேம் விளையாடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தால் பிராசசரை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு ஃபிரேம்கூடக் கூடாது.

அப்படியென்றால் முதலில் என்ன செய்யலாம் அண்ணா?

ரேமைப் பாருங்கள் தம்பி. நம் பக்கம் வருகிற பல சிஸ்டங்களில் ஒரே ஒரு ரேம்தான் போட்டிருக்கும், அதுவும் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடாது. 3200 என்று எழுதிய ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கிற மதர்போர்டு செட்டிங் திரை) இன்டெல்லுக்கு எக்ஸ்எம்பி, புதிய ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்று ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்து சேமித்தால் முடிந்தது. ஒற்றை ரேமாக இருந்தால் அதே அளவில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் போடுங்கள். 5600ஜி போலக் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர் என்றால் இதில் கிடைக்கிற முன்னேற்றம் எந்த ஓவர்கிளாக்கிலும் கிடைக்காது.

எக்ஸ்எம்பியும் ஒரு வகை ஓவர்கிளாக்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆன் செய்த பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டி ஒரு பிழையும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில் இதில் எவ்வளவு குறுக்கிடும்?

பிராசசர் மேல் இருக்கும் கூலர் அதை அறையைவிடக் குளிர்ச்சியாக ஆக்காது. அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற இடைவெளியைத்தான் அது காப்பாற்றும். 24 டிகிரி அறையில் முழு லோடில், அதாவது முழு வேலை செய்யும்போது, 76 டிகிரி காட்டுகிற பிராசசர், 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 90 காட்டும். செட்டிங் அதே, கூலர் அதே. வாட்டர் கூலர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. இடைவெளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அதனால்தான் மார்கழி இரவில் ஏற்றி வைத்த செட்டிங் பங்குனி, சித்திரையில் விழுகிறது. ஓசூர், தளி பக்கம் மேட்டு நிலம், சில டிகிரி குறைவாகவே இருக்கும். அங்கே இருக்கிற நண்பரின் எண்களை அரூரிலோ ஊத்தங்கரையிலோ அப்படியே போட்டால் ஓடும் என்று நம்ப முடியாது. உங்கள் அறையில், உங்கள் மதியத்தில் சோதித்த எண்தான் உங்களுடையது.

எல்லை எது என்று கேட்பார்கள். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை 'கே' பிராசசர்கள் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 5000 வரிசையில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 முழு லோடில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. இவை கம்பெனி வைத்த கடைசி வேலிகள். ஓவர்கிளாக் செய்கிறவர் வேலி வரை போகக் கூடாது. கோடை மதியத்தில், முழு லோடில், 85 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பது நான் சொல்லும் அளவு.

அறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் அதன் காற்றை கேபினட் மேல் நேராகத் திருப்ப வேண்டாம். அறை சூடு குறைவது நல்லதுதான். ஆனால் நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அந்தச் சாரல் காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படியும். அது மதர்போர்டு மேல் படியக் கூடாது.

தூசி பெரிய பிரச்சினையா?

ஆமாம், குறிப்பாகக் கிரானைட் பாலிஷ் போடுகிற பட்டறைகள் இருக்கிற பகுதிகளிலும், லாரி ஓடுகிற சாலை ஓரத்திலும்.

கம்பெனி கூலரின் ஃபேனை நான்கு கிளிப்பையும் விடுவித்துத் தூக்கிப் பாருங்கள். மேலே இருந்து பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்திருக்கும். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் சாம்பல் நிறத்தில் கெட்டியான படலம் உட்கார்ந்திருக்கும், விரலால் பிடித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று தகடுகளுக்குள் போகாது. இதை எடுத்துவிட்டாலே பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கிய சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுவதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் பழைய ரைசனில் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், அடியில் இருக்கும் ஊசிக் கால்கள் வளையும். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, அது நழுவிய பிறகு தூக்குங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும்.

புது கூலர் வாங்கியே ஆக வேண்டுமா?

ஓவர்கிளாக் செய்வதாக இருந்தால் கட்டாயம். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த நல்ல டவர் கூலர் ஆரம்பத்துக்குப் போதும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கு ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நேரில் பார்த்து வாங்குகிறவர்கள் கேபினட்டின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், டவர் கூலர் உயரமானது. இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து போர்டில் ஓட்டைகளின் இடைவெளி மாறிவிட்டது, அதற்கான பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். சீரியல் எண் எழுதிய பில்லை வாங்காமல் வராதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வருகிறதே, '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியது, அதை வைத்து ஓவர்கிளாக் செய்யவே கூடாது. 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின் திறன் சான்றிதழாவது இருக்கும் எஸ்எம்பிஎஸ் வேண்டும். அதன் லேபிளில் உள்ளீட்டு வோல்டேஜையும் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருப்பது நல்லது. சிலவற்றில் 200 முதல் 240 என்றே இருக்கும். கிராமங்களில் மும்முனை மின்சாரம் வந்து எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் லைன் வோல்டேஜ் இறங்கும். அப்போது இரண்டாவது வகை தடுமாறும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் ஓவர்கிளாக்கில்தான் தவறு என்று நினைத்து பிராசசர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

யூபிஎஸ் 600 விஏ என்றால் வழக்கமாக அது 360 வாட்தான் தாங்கும். கே வரிசை பிராசசர் 150 வாட்டும் கிராபிக்ஸ் கார்டு 200 வாட்டும் இழுத்தால் மானிட்டருக்கு மிச்சமே இல்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, சதுர அலை தருகிற சாதாரண இன்வெர்ட்டருக்கு மாறும்போது அணைந்துவிடும். சைன் வேவ் யூபிஎஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

எர்த் இல்லாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கிறது, எர்த் இல்லாததால் அது கேபினட்டிலேயே நிற்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாமல் போவதும் உண்டு. குழிக்குத் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். ஓவர்கிளாக்குக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, இன்டெல்லில் எப்படி ஆரம்பிப்பது?

12600கே-யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் கோர் எனப்படும் வேலை செய்யும் பகுதிகள் பெரியது, சின்னது என்று இரண்டு வகை. எல்லாப் பெரிய கோர்களும் ஓடும்போது அதன் வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்.

எதையும் மாற்றாமல் சூடு, வோல்டேஜ் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, பிராசசருக்கு முழு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மதிப்பெண், அதிகபட்ச டிகிரி, வாட், வோல்டேஜ் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அறையின் சூட்டையும் பக்கத்தில் எழுதுங்கள், பின்னால் ஒப்பிட அது வேண்டும். இந்த முதல் ஓட்டத்திலேயே 90 டிகிரி தாண்டினால் இங்கேயே நிறுத்திவிட்டு கூலரைச் சரிசெய்யுங்கள்.

பிறகு ரீஸ்டார்ட் செய்து டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். பெரிய கோர் மல்டிப்ளையரை 46 ஆக்குங்கள். சின்ன கோர், ரிங் (கோர்களை இணைக்கும் பாதை) இரண்டையும் தொட வேண்டாம். சேமித்து, மறுபடியும் சினிபெஞ்ச். நன்றாக ஓடினால் 47. இப்படி ஒவ்வொன்றாக. ஹேங் ஆனாலோ நீலத்திரை வந்தாலோ, வோல்டேஜை 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டிப் பாருங்கள். லோடில் 1.30 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம் என்பது ஆரம்ப நிலையினருக்கு நான் சொல்வது. லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கும் லோடு லைன் காலிபரேஷனை அதிகபட்சத்தில் வைக்காதீர்கள், நடுவிலோ ஆட்டோவிலோ இருக்கட்டும்.

வேகம் கூடி மதிப்பெண் குறைந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: சூட்டிலோ மின்சார எல்லையிலோ பிராசசர் தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கிறது. ஒரு படி இறங்குங்கள்.

போர்டில் பிராசசரைச் சுற்றி இருக்கும் விஆர்எம் பகுதிக்கு (பிராசசருக்கு வோல்டேஜ் கொடுப்பது) ஹீட்சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகக் கட்டி இல்லையென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பிராசசர் தாங்கினாலும் அது தாங்காது.

ரைசனுக்கும் இதே முறைதானா?

இல்லை. ரைசனில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் ஒற்றைக் கோர் டர்போ போய்விடும், கேமில் முன்பைவிட மெதுவாகக்கூட ஆகும். 5000 வரிசையும் அதற்குப் பிந்தையதும் என்றால் பயாஸில் பிபிஓ (ஏஎம்டியின் தானியங்கி ஓவர்கிளாக் வசதி) பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கும். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. வோல்டேஜைக் குறைப்பதன் மூலமே வேகத்தைக் கூட்டுகிற வழி இது. வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் பிராசசர் தானாகவே டர்போவில் அதிக நேரம் நிற்கும்.

எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 என்று ஆரம்பியுங்கள். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். நன்றாக ஓடினால் 15, அப்புறம் 20. 5000 வரிசையில் எல்லை 30. எல்லா சிப்பும் 30-ஐத் தாங்காது. அதே பகுதியில் வெப்ப எல்லையை 85 டிகிரி என்று நீங்களே குறிக்கலாம். அதைச் செய்துவிட்டால் கோடையில் போர்டே பார்த்துக்கொள்ளும். ரைசன் 7000 வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு மாற்றமும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றே சொல்வேன்.

3600 போன்ற பழைய ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் கிடையாது.

என் ரைசன் சும்மா இருக்கும்போதே 1.45 வோல்ட் காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஒற்றைக் கோர் ஒரு நொடி டர்போவுக்குப் போகும்போது அப்படிக் காட்டுவது இயல்பு, முழு லோடில் தானாகக் குறையும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீங்களே கையால் 1.45 என்று நிரந்தரமாகப் போட்டால் அந்த பிராசசர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

செட்டிங் நின்றுவிட்டது என்று எப்போது நம்பலாம்?

சினிபெஞ்ச் பாஸ் ஆனால் பாதி வேலைதான் முடிந்தது. ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஒரு மணி நேரமாவது, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஓட்டுங்கள். பிரைம்95-இன் சின்ன எஃப்எஃப்டி சோதனை மிகக் கொடுமையான சூடு கிளப்பும், முதல் ஐந்து நிமிடம் எழுந்து போகாமல் டிகிரியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கர்வ் ஆப்டிமைசர் போட்டவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில். முழு லோடில் ஜம்மென்று ஓடும், சும்மா பாட்டுக் கேட்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். லோடு குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு கோரும் உச்ச வேகத்துக்குப் போகிறது என்பதே காரணம். கோர்சைக்ளர் என்ற கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) என்று வரிகள் விழுந்திருந்தால், சிஸ்டம் அணையாவிட்டாலும் செட்டிங் சரியில்லை என்றே அர்த்தம்.

சேமித்த பிறகு திரையே வரவில்லை. என்ன செய்வது?

பதற வேண்டாம். பல போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும், ஒரு நிமிடம் காத்திருங்கள். வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸ் செட்டிங்கை அழிக்கும் கிளியர் சிமாஸ் ஜம்பர் இருந்தால் அதைச் சேர்த்தாலும் சரி. எல்லாம் கம்பெனி செட்டிங்குக்கு வந்துவிடும். எக்ஸ்எம்பியும் போயிருக்கும், அதை மறுபடி ஆன் செய்யுங்கள்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் கெட்டுப்போகிறது என்கிறார்களே?

அது உண்மையான பிரச்சினை. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் சில பிராசசர்கள் தேய்ந்து நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன, 2025-இல் 0எக்ஸ்12எஃப் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. இந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் ஓவர்கிளாக்கைத் தொடவே கூடாது. திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது.

பயாஸ் புதுப்பிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில், மழை இருட்டுகிற நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொறுப்பேற்பதில்லை. பிபிஓவுக்கும் அதே விதிதான். இன்டெல் முன்பு தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருந்தது, 2021-இல் அதை நிறுத்திவிட்டது.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எக்ஸ்போர்ட் வேகமாக வர ஓவர்கிளாக் உதவுமா?

வேண்டாம் என்பேன். எச்.264 எக்ஸ்போர்ட்டில் பெரும் பங்கு வேலையை இன்டெல் உள் கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ என்கோடர் அல்லது உங்கள் கிராபிக்ஸ் கார்டின் என்கோடர் செய்துவிடும், பிராசசர் வேகம் அங்கே அதிகம் பேசாது. 'எஃப்' என்று முடியும் இன்டெல் மாடலில் உள் கிராபிக்ஸ் இல்லை, எனவே குவிக் சிங்க்கும் இல்லை. எடிட்டிங்குக்கு வாங்குகிறவர்கள் அதைக் கவனித்து வாங்குங்கள். மூன்று மணி நேர வீடியோ முடியப் போகிற நேரத்தில் ஹேங் ஆனால் நீங்கள் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பில்லை. முகூர்த்த சீசனில் அந்த சிஸ்டம்தான் உங்கள் சோறு. ரேமும் எஸ்எஸ்டியும் கூட்டுங்கள், பிராசசரை அதன் போக்கில் விடுங்கள்.

லேப்டாப்பில் செய்யலாமா?

கூடாது. காற்றுப் போகவே இடமில்லாத பெட்டி அது.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

கூடுதலாக 60 வாட் இழுக்கிறது, தினமும் ஐந்து மணி நேரம் முழு லோடு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் பில் அடுத்த ஸ்லாபுக்குப் போகிற விளிம்பில் இருக்கும் வீடு என்றால் அந்த 18 யூனிட்டுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டி வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.